ஏழு வரவே இல்லையா?

நீங்கள் தாயம் ஆடியிருக்கிறீர்களா? ஆடாவிட்டாலும், ஆடியவர்கள் அதைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். எங்கள் விருதுநகர் வீட்டில் கோடை விடுமுறை வந்தால் ஆச்சியும் அத்தைமாரும் திண்ணையில் சாக்கட்டியால் கட்டம் வரைந்து பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டுவார்கள். ஆட்டம் ஒரு மணி நேரம் நடந்தால் அதைப் பற்றிய பேச்சு ஒரு வாரம் நடக்கும். "எட்டுத் தடவை உருட்டினேன், ஒரு தாயம் விழலை. அவ கையில எடுத்ததும் விழுந்திருச்சு!" என்று ஆச்சி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார்.

ஆச்சியின் குறையைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? ஒரு தாயக்கட்டைக்கு நான்கு முகங்கள். ஒன்றில் புள்ளி இல்லை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகள் விழும் வகைகள் 16. ஒன்றில் வெறுமுகமும் மற்றதில் ஒற்றைப் புள்ளியும் விழுந்தால்தான் தாயம். அதற்கு உள்ள வகைகள் 2. எனவே தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. விழாமல் போகும் வாய்ப்பு எட்டில் ஏழு. எட்டு முறையும் விழாமல் போக, 7/8 என்பதை எட்டு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.34. அதாவது எட்டு எட்டு முறையாக உருட்டிக்கொண்டே போனால், மூன்றில் ஒரு தடவை இந்தத் துரதிருஷ்டம் யாருக்கும் வந்தே தீரும். மற்ற இரண்டு தடவைகளைப் பற்றி ஆச்சி யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யார் கேட்பார்கள்?

இந்தத் திண்ணைப் பேச்சு நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம். எங்கள் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் கூடி ஒரு புதுவகை ஆட்டம் ஆடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அது. ஒருவர் நடுவர். அவர் ஒரு சூழ்நிலையைச் சொல்லுவார்: "இருட்டுக் குகை. எதிரே பாலம். பாலத்தில் ஒரு பலகை இல்லை. என்ன செய்யப் போகிறீர்கள்?" ஒருவர் தாண்டுவேன் என்பார், ஒருவர் கயிறு கட்டுவேன் என்பார். முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். மேலை நாடுகளில் இதற்கு 20 முகம் கொண்ட பகடை உண்டு. நம் மாணவர்களிடம் அது இல்லை. சிவகாசி அச்சகம் ஒன்றில் கழித்துப்போட்ட காலண்டர் அட்டைத் துண்டுகளில் 1 முதல் 20 வரை எழுதி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். "12 அல்லது அதற்கு மேல் வந்தால் தாண்டிவிட்டாய்" என்று நடுவர் சொன்னால், தாண்டும் வாய்ப்பு 20இல் 9. எடுத்த சீட்டை மறுபடியும் டின்னில் போட்டுக் குலுக்க மறக்கக் கூடாது. போடாவிட்டால் அடுத்தவரின் வாய்ப்பு மாறிவிடும். முதல் மாதம் இதை அவர்கள் கவனிக்கவில்லை என்பதை, நானே ஒரு நாள் டின்னை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். 13 சீட்டுகள்தாம் இருந்தன!

இந்த ஆட்டத்தின் பூர்வீகம் போர்ப் பயிற்சி. பிரஷ்யாவில் வான் ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி 1824இல், வரைபடத்தின் மேல் சிறு துண்டுகளைப் படைகளாக வைத்து, பகடை உருட்டி, நடுவர் தீர்ப்புச் சொல்லும் ஆட்டம் ஒன்றைப் படைத்தலைமைக்கு ஆடிக் காட்டினார். பிறகு அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து இளைஞர்கள், படைகளை நகர்த்துவதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மனிதராக இருந்து ஆடலாமே என்று எண்ணினார்கள். அவர்களில் ஒருவரான டேவ் அர்னசனும், விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் 1974இல் வெளியிட்டதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'.

என்னைக் கவர்ந்தது ஆட்டத்தைவிட அதன் பின்விளைவு. ஒரே கதை வாரக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் தொடர்வதால், "போன வாரம் என்ன நடந்தது?" என்று எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. எழுதியதை ஆடாதவர்களும் வாசிக்கத் தொடங்கினார்கள். அர்னசனே தம் குழுவுக்காக ஆட்ட நிகழ்ச்சிகளைச் செய்தித்தாள் போல எழுதிச் சுற்றுக்கு விட்டவர். 1975இல் லீ கோல்ட் என்ற அம்மையார் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய இதழில், வாசகர்கள் தங்கள் ஆட்டக்கதைகளை எழுதி அனுப்ப, அவர் தொகுத்து எல்லாருக்கும் அனுப்பினார். ஜப்பானில் 1986இல் 'காம்ப்டிக்' என்ற இதழ் ஓர் ஆட்டத்தில் நடந்த பேச்சை நாடகம் போல வரிக்கு வரி வெளியிட்டது. அது பெரும் வரவேற்பைப் பெறவே, அந்த ஆட்டத்தின் நடுவரான ரியோ மிசுனோ அதையே நாவலாக எழுதினார். ஆக, ஆடுவது ஒரு கலை என்றால் ஆடியதைச் சொல்லுவது இன்னொரு கலையாக வளர்ந்துவிட்டது.

நம் ஐவர் குழுவில் எழுதும் பொறுப்பு திருத்தங்கல்லிலிருந்து வரும் மாணவிக்கு. அவர் இரண்டு வகையாக எழுதினார். ஆட்டம் நடக்கும்போது நீள நோட்டில் பென்சிலால் கிறுக்குவது ஒன்று. யார், என்ன செய்தார், என்ன சீட்டு, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் அதைக் கதையாக எழுதி நண்பர்களுக்கு அனுப்புவது மற்றொன்று. கதையைத்தான் எல்லாரும் வாசித்தார்கள். நானும் வாசித்தேன், நன்றாகவே இருந்தது. நான்கு வாரக் கதையையும் முடித்தபின் ஒரு சந்தேகம் வந்தது. கதையில் எங்கே பார்த்தாலும் 20 வருகிறது, வீரர் வெல்கிறார். அல்லது 1 வருகிறது. வீரர் பாலத்திலிருந்து விழுகிறார்.

"ஏழு வரவே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஏழையெல்லாம் யாரு சார் எழுதுவா?" என்று சிரித்தார்கள்.

நியாயந்தானே என்று உங்களுக்குத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு மாலையில் 60 முறை சீட்டு எடுக்கிறார்கள் என்று கொள்வோம். சராசரியாக 20 என்பது மூன்று முறை வரும். 1 என்பது மூன்று முறை வரும். மீதி 54 முறை இடையில் உள்ள எண்கள். கதையில் வந்தவை அந்த ஆறு மட்டுமே. பத்தில் ஒன்பது பங்கு ஆட்டம் காணாமல் போயிற்று! இந்தக் கதைகளை மட்டும் வாசிக்கும் ஒரு பையன், உலகில் பாதிப் பேர் பெருவெற்றி பெறுகிறார்கள், பாதிப் பேர் தலைகுப்புற விழுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வான். கயிறு கட்டி, மெதுவாக நடந்து, 7 வந்ததால் திரும்பி வந்து, வேறு வழி தேடியவர்கள் அவன் கண்ணிலேயே படமாட்டார்கள்.

சதுரங்கத்தில் இந்தச் சலுகை கிடையாது. போட்டியில் ஆடுபவர் தம் நகர்த்தலையும் எதிரியின் நகர்த்தலையும் தாளில் எழுதியே ஆகவேண்டும். நம் குகேஷ் 2024 டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற ஆட்டத்தில், டிங் லிரன் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனார். இன்னும் நூறு ஆண்டு கழித்தும் அந்த நகர்த்தல் அங்கேயே இருக்கும். அதனால்தான் அந்த ஆட்டத்திலிருந்து எவரும் கற்கலாம்.

மாணவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்றால், முழுவதும் இல்லை. இளங்கலை படிக்கும்போது தனி ஊசல் சோதனையில் எனக்கு வந்த புவியீர்ப்பு முடுக்கத்தை ரெக்கார்டு நோட்டில் 'சரிசெய்து' 980 ஆக்கியவன் நான். அலைவு நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. உண்மையில் எனக்கு என்ன எண் வந்தது, எதனால் அது பிசகியது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அது போனது போனதுதான்.

ஏழு விட்டுப்போனதில் நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை, குகைக்கும் பாலத்துக்கும் இவ்வளவு போதும் என்று நானும் அப்போது விட்டுவிட்டேன். குழு தன் கதையைக் குகையிலிருந்து நம் ஊருக்குக் கொண்டுவந்தபோதுதான் சங்கடம் பிறந்தது.

பட்டாசு ஊரில் பிறந்த பிள்ளைகள். அவர்களுக்கு டிராகன் எதற்கு? ஒரு கற்பனைக் கிராமத்தை அமைத்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பட்டாசு ஆலை. நால்வருக்கும் நான்கு பாத்திரங்கள்: ஆலையின் போர்மேன், தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர், சாலையோர டீக்கடை அண்ணாச்சி, சைக்கிளில் பள்ளியிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி. நடுவர் ஆலையின் படத்தை வரைந்திருந்தார். மருந்து கலக்கும் அறை, திரி செருகும் அறை, உலர்த்தும் மேடை எல்லாம் அதில் இருந்தன. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்று விதிகள் இருப்பது அவர்களுக்குத் தெரியும். உள்குத்தகைக்கு விட்ட ஆலைகளில் அந்த விதி என்ன பாடுபடும் என்பதும் தெரியும். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆட்டம் இப்படிப் போனது. நண்பகல். ஆலையிலிருந்து ஒரு சத்தம், கரும்புகை. "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார் நடுவர். டீக்கடை அண்ணாச்சி அடுப்பை அப்படியே விட்டு ஓடினார். மாணவி சைக்கிளைப் புகையை நோக்கித் திருப்பினாள். போர்மேன் ஆட்களை எண்ணத் தொடங்கினார். 11 வந்தது, எண்ணிக்கை பாதியில் தவறியது. தீயணைப்பு வண்டி சாலையில் நின்ற இருசக்கர வண்டிகளைத் தாண்ட முடியாமல் திணறியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் வண்டிகள் அவை. ஆலை வாசலை எட்ட அண்ணாச்சிக்கு 12 வேண்டும். அவர் எடுத்த சீட்டு 4. பாதி வழியில் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார். அப்போது நடுவர், "இரண்டாவது வெடி" என்றார். அண்ணாச்சியும் மாணவியும் இறந்தார்கள். மூன்று மாதம் ஓட வேண்டிய கதை முக்கால் மணியில் முடிந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் அண்ணாச்சியாக ஆடிய மாணவன் கதை சொன்னான். அவன் சொன்ன கதையில் அண்ணாச்சி ஆலைக்குள் புகுந்து மூன்று பெண்களைத் தூக்கி வந்து வெளியே விட்டுவிட்டு, நான்காவது முறை போகும்போது உயிர்விட்டார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். திருத்தங்கல் மாணவி நீள நோட்டைத் திறந்து காட்டினார்: "டீக்கடை. 4. வாசலுக்குப் போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தார்." சண்டை மூண்டது. எந்தக் கதையை வெளியே அனுப்புவது? என்னிடம் வந்தார்கள்.

"கதைதானே சார்! பெருமையாச் செத்தா என்ன தப்பு?" என்றான் அவன்.

பதில் நான் சொல்லவில்லை. தீயணைப்பு ஓட்டுநராக ஆடிய மாணவன் சொன்னான். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தான், அதிகம் பேசாதவன். "மாத்தி எழுதாதீங்க. எங்க சித்தப்பாவும் இப்படித்தான் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டு இருக்காரு" என்றான்.

இங்கே நான் 2012ஐச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அப்போது கைக்குழந்தையாகக்கூட இருந்திருக்கமாட்டீர்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் பெரும் வெடிவிபத்து நேர்ந்தது. 38 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடியவர்கள். பின்னால் நிகழ்ந்த வெடிப்பு அவர்களைக் கொண்டுபோயிற்று.

அந்த மாணவனின் சித்தப்பா அன்று பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே வண்டியில் போனவர். அவர் திரும்பினார், பக்கத்து வீட்டுக்காரர் திரும்பவில்லை. அந்த நாளை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் தாம் நின்ற தூரம் மாறும். முதலில் இரண்டு பர்லாங்கு, பிறகு அரை மைல், பிறகு "நான் ரோட்டுலயே நின்னுட்டேன்". மாறாத வரி ஒன்று மட்டும் உண்டு. "வெளிச்சமும் சத்தமும் ஒண்ணாத்தான் வந்துச்சு, கண்ணை மூடக்கூட நேரம் இல்லை."

"இதை வச்சு அவர் எங்கே நின்னாருன்னு கண்டுபிடிக்க முடியுமா சார்?" என்று கேட்டான்.

முடியும். இது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஒளி வரும் நேரத்தை விட்டுவிடலாம். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். அரை மைல் என்பது ஏறக்குறைய 800 மீட்டர். அங்கே நின்றவருக்கு வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே இரண்டு நொடிக்கு மேல் ஆகியிருக்கும். "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லும் நேரம். இரண்டும் ஒன்றாக வந்தன என்று தோன்றியிருந்தால், அவர் நூறு நூற்றைம்பது மீட்டருக்குள் நின்றிருக்க வேண்டும். கரும்பலகையில் போட்ட கணக்கை அவன் எழுதிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

சிறிது நேரம் கழித்து அவனே சொன்னான்: "பக்கத்துலதான் நின்னேன்னு சொன்னா, அடுத்து 'ஏன் போனே'ன்னு எல்லாரும் கேப்பாங்க. அதுக்கு அவர்ட்ட பதில் இல்லை சார்."

நான் இத்தனை நாள் நினைத்திருந்தது, கதையை மாற்றுவது பெருமை என்று. அன்றுதான் வெட்கமும் அதே வேலையைச் செய்கிறது என்று தெரிந்தது. பெருமை இல்லாத மூன்று பெண்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வெட்கம் இருந்த அறுநூறு மீட்டரைக் கூட்டிச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே, அன்று உண்மையில் மக்கள் ஏன் ஓடினார்கள், எங்கே நின்றார்கள், வண்டியை எங்கே விட்டார்கள் என்ற செய்தி கரைந்து போகிறது. அடுத்த ஊர்ப் பையன் அடுத்த புகையைப் பார்க்கும்போது அவனிடம் இருப்பது வீரக்கதை ஒன்றுதான். வீரக்கதை அவனை எந்தப் பக்கம் ஓடச் சொல்லும்?

என் கருத்து இதுதான். ஆட்டக்கதையை எழுதுங்கள், பகிருங்கள், ஆனால் வந்த சீட்டை மாற்றாதீர்கள். 4 வந்தால் 4. முக்கியமாக, யாரும் பாராட்டமாட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றும் இடத்தை நீக்காதீர்கள். "வெளிச்சமும் சத்தமும் ஒண்ணா வந்துச்சு" என்பது சித்தப்பாவுக்கு ஓர் அலங்கார வரி. அதை அவர் மாற்றாமல் விட்டதால்தான் பத்தாண்டுக்குப் பின் கணக்கு நடந்தது. எந்த விவரம் பின்னால் பயன்படும் என்பது எழுதும்போது நமக்குத் தெரியாது.

வாழ்க்கையில் உண்மையைச் சொல்ல முடியாதவர்களும் ஆட்டத்தில் சொல்ல முடியும். அதுவே இதன் தனிச்சிறப்பு. சித்தப்பாவிடம் "ஏன் போனே?" என்று கேட்பது கொடுமை. டீக்கடை அண்ணாச்சியிடம் கேட்கலாம். அவர் நான்கு வரிக் கற்பனை மனிதர், கோபித்துக்கொள்ளமாட்டார். அப்படிக் கேட்டபோது அந்த மாணவன் சொன்ன பதில், "எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடினேன்" என்பது. இதைவிட நேர்மையான வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை. விமானத் துறையினர் இந்தச் சூட்சுமத்தை முன்பே கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் 1976 முதல், விமானிகள் தாங்கள் செய்த பிழைகளையும் மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளையும் நாசா நடத்தும் ஓர் அமைப்புக்கு எழுதி அனுப்புகிறார்கள். பெயர் நீக்கி மற்ற விமானிகள் வாசிக்க வெளியிடுகிறார்கள். நம் ஆலைகளில் 'மருந்து சூடாயிருச்சு, நல்லவேளை தப்பிச்சோம்' என்பது டீக்கடையோடு நின்றுவிடுகிறது. எழுதினால் வேலை போகும், உரிமம் போகும் என்ற அச்சம். அச்சத்தைக் குறை கூறிப் பயனில்லை. பெயரில்லாமல் சொல்ல ஒரு வழி வேண்டும்.

"சாவை வைத்துச் சீட்டுக் குலுக்குவதா?" என்று என் நண்பரான தமிழாசிரியர் கடிந்துகொண்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. உண்மையான ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் வேண்டாம் என்று அதனால்தான் குழுவும் முடிவு செய்திருந்தது. ஆனால் இது ஒன்றும் புதிதல்ல. 1984இல் போபாலில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 1996இல் இரசாயன விபத்துகளை எதிர்கொள்ள மத்திய அரசு விதிகள் வகுத்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டங்களில் ஒத்திகை நடத்துமுன் 'மேசைப் பயிற்சி' நடத்துகிறது. ஆட்சியர், தீயணைப்பு, மருத்துவம், காவல் என்று எல்லாத் துறையினரும் மேசையைச் சுற்றி அமர்ந்து, "இப்போது இன்ன இடத்தில் கசிவு, என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லுவார்கள். நம் மாணவர்கள் செய்ததும் அதுவே. டீக்கடைக்காரரையும் சைக்கிள் மாணவியையும் மேசையில் சேர்த்துக்கொண்டார்கள் என்பது ஒன்றுதான் வேறுபாடு.

இன்னொரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். நீள நோட்டு வாசிக்கச் சலிப்பாக இருக்கிறது. பதினேழாம் பக்கத்தில் நான் தூங்கிவிட்டேன். கதை சுவையாக இருக்க வேண்டும், சுருக்கவும் வேண்டும். ஆனால் சுருக்குவது வேறு, திருத்துவது வேறு. கதையை அனுப்புகிறவர் நோட்டையும் பத்திரமாக வைத்திருந்தால் போதும். சந்தேகம் வந்தவர் கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

முடிவில் நோட்டில் இருந்தபடியே கதை எழுதப்பட்டது. அண்ணாச்சியாக ஆடியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தான். சென்ற மாதம் ஐவரும் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய் அதை ஒன்பதாம் வகுப்பில் வாசித்தார்கள். நானும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாசித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்தான்.

"அண்ணே, அந்த அண்ணாச்சிக்கு நாலு வராம பதினெட்டு வந்திருந்தா?"

நடுவர் நோட்டில் ஆலையின் படத்தைப் புரட்டிக் காட்டினார். "வாசலுக்குப் போயிருப்பார்."

"ரெண்டாவது வெடி எங்கே?"

"வாசலுக்குப் பக்கத்து அறை."

பையன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப நல்ல சீட்டு வந்தாத்தான் மோசமா?" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "சரி, சைக்கிளைத் திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போறதுக்கு எத்தனை வரணும்?" என்று கேட்டான்.

திருத்தங்கல் மாணவி பக்கங்களைத் தள்ளித் தேடிப் பார்த்தார். அப்படி ஒருவரும் செய்து பார்க்கவில்லை என்பதால் நோட்டில் அதற்கு எண் இல்லை.

அடுத்த ஆட்டத்தை அந்த ஒன்பதாம் வகுப்பே ஆடப்போகிறது. பிஸ்கட் டின்னை அவர்களிடம் கொடுத்துவிட்டோம், இருபது சீட்டும் எண்ணிப் பார்த்து. ஆட எல்லாரும் தயார். நோட்டு எழுதுவது யார் என்பதில்தான் இன்னும் தகராறு.